கேள்வி தமிழில், விடை ஆங்கிலத்தில்

புதுச்சேரியில் பிள்ளையார்குப்பம் இரண்டு உண்டு. ஒன்று வில்லியனூர் கொம்யூனில், தொண்டமாநத்தத்தை ஒட்டியது. மற்றது பாகூர் கொம்யூனில், கடலூர் சாலையில். எந்தப் பிள்ளையார்குப்பம் என்று திருப்பிக் கேட்காமல் யாரும் வழி சொல்லிவிட முடியாது. பெயரைத் தவிர இன்னொன்றும் இரண்டுக்கும் பொது: இரண்டிலும் ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். முதல் ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உயிரி மையம். அதே ஊர், ஜிப்மர் மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக வீடு வீடாக ஏறி இறங்குகிற ஊரும்கூட. இரண்டாவது ஊரில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி. பக்கத்திலேயே கிருமாம்பாக்கத்தில் இன்னொரு மருத்துவக் கல்லூரி. நெல்லும் கரும்பும் விளைகிற இந்த வட்டாரத்தில் ஆராய்ச்சியும் ஒரு பயிராகிவிட்டது.

மருத்துவம், வணிகம், மொழி, பொருளறிவியல் என்று இங்கே நடந்த ஆய்வுகளைத் துறைவாரியாகப் பிரித்து எழுதிவிடலாம். பல்கலைக்கழக ஆண்டறிக்கைகள் அப்படித்தான் எழுதுகின்றன. ஊர்க்காரர் கண்ணுக்குத் துறை தெரிவதில்லை. கையில் படிவத்தோடு ஒருவர் வருகிறார், திண்ணையில் உட்காருகிறார், கேட்கிறார், எழுதிக்கொள்கிறார், போய்விடுகிறார். கேட்பது தமிழில். விடை அச்சாவது ஆங்கிலத்தில். எந்த ஆய்வு இந்த இடைவெளியைத் தாண்டித் திரும்பி ஊருக்கு வந்தது, எது வராமலே போயிற்று என்பதைத்தான் துறைப் பிரிவினையைவிட முக்கியமாக நான் நினைக்கிறேன்.

ஜிப்மரின் வேர் 1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளி வரை போகிறது. அதன் ஊரக நல மையம் ராமநாதபுரத்தில் இருக்கிறது. ராமநாதபுரம், பிள்ளையார்குப்பம், துத்திப்பட்டு, தொண்டமாநத்தம் ஆகிய நான்கு ஊர்கள் அதன் பொறுப்பில். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய பத்தாயிரம் பேர். துத்திப்பட்டை இன்று வெளியூர்க்காரர்கள் கிரிக்கெட் மைதானத்தால் அறிவார்கள். சமூக மருத்துவம் படித்தவர்களுக்கோ அது ஆய்வேட்டில் ‘ஆய்வு நடந்த இடம்’ என்ற தலைப்பின் கீழ் வருகிற பெயர்.

நான்கே ஊர்களை ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? மருத்துவமனைக்கு வருகிறவர்களை எண்ணினால் நோயாளிகள் எத்தனை பேர் என்று தெரியும். எத்தனை பேரில் அத்தனை பேர் என்று தெரியாது. நூறு பேருக்குச் சர்க்கரை நோய் என்றால் அது ஆயிரத்தில் நூறா, பத்தாயிரத்தில் நூறா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதைச் சொல்ல, வீடு வீடாகக் கணக்கெடுத்து, குடும்பத்துக்கு ஒரு பதிவேடு வைத்து, பிறப்பு, இறப்பு, கல்யாணமாகிப் போனது வந்தது எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே வருகிற சிறு நிலப்பரப்பு ஒன்று வேண்டும். பெரிய மருத்துவமனைகளின் சமூக மருத்துவத் துறைகள் எல்லாம் இப்படி ஊர்களைத் தத்தெடுத்துக்கொள்வதன் காரணம் இதுதான். பயிற்சி மருத்துவர்கள் அங்கே வேலை கற்கிறார்கள், முதுகலை மாணவர்கள் ஆய்வேடு எழுதுகிறார்கள், ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு மருத்துவர் கிடைக்கிறார். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கேள்வி கேட்கப்படுகிற ஊர், விடை சொல்லவும் பழகிவிடும். சாப்பாட்டில் உப்பு எவ்வளவு சேர்ப்பீர்கள் என்று ஒரு டாக்டர் வந்து உட்கார்ந்து கேட்டால் ‘கம்மியாத்தாங்க’ என்பதுதான் அவர் எதிர்பார்க்கிற விடை என்று யாருக்குத் தெரியாது? கருவாடும் ஊறுகாயும் அந்த விடைக்குள் வருவதில்லை. ஆகவே உப்பைச் சரியாக அளக்க நினைக்கிறவர்கள் வாய்ச்சொல்லை நம்புவதில்லை. ஒரு நாள் முழுவதும் கழிகிற சிறுநீரை ஒரு கேனில் சேர்த்து, அதில் சோடியம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அறிவியலுக்கு இது துல்லியமான முறை. நாற்று நடப் போகிற பெண்ணுக்கு அந்த இருபத்துநான்கு மணி நேரமும் கேனோடு அலைவது எப்படி இருக்கும் என்பது கட்டுரையின் எந்த அட்டவணையிலும் வராது. அந்தச் சோடியக் கணக்கு ஆங்கில இதழில் வெளியாகும்போது, கேனைத் தூக்கியவருக்கு ‘உங்க ஊர்ல இவ்வளவு உப்பு சாப்பிடுறாங்க’ என்று ஒரு துண்டுத்தாளாவது போய்ச் சேர வேண்டாமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட அறநெறி வழிகாட்டுதல்கள், ஆய்வின் பயன் ஆய்வுக்கு உட்பட்ட சமூகத்தோடு பகிரப்பட வேண்டும் என்கின்றன. எழுத்தில் இருக்கிறது.

காசநோய் ஆய்வில் இந்தக் கணக்கு வேறு மாதிரி. ஜிப்மரும் பாஸ்டன் மருத்துவர்களும் சேர்ந்து நடத்திய ‘ரிப்போர்ட் இந்தியா’ ஆய்வு, புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பகுதி நோயாளிகளையும் அவர்கள் வீட்டாரையும் தொடர்ந்து பின்பற்றியது. உடல் மெலிந்திருப்பதும் குடிப்பழக்கமும் இந்த நோயோடு எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக்கிடக்கின்றன என்பதை அதிலிருந்து வந்த கட்டுரைகள் காட்டின. அதன் தொடர்ச்சியாக நோயாளிக்கும் வீட்டாருக்கும் சத்துணவு கொடுத்துப் பார்க்கிற ஆய்வு வந்தது. இங்கே விடை அரிசி பருப்பாகத் திரும்பியிருக்கிறது, மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

கொசுவின் கதையும் இதையொட்டியதுதான். 1975-இல் புதுச்சேரியில் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. எல்லோரும் வி.சி.ஆர்.சி. என்றுதான் சொல்வார்கள். முதல் இயக்குநர் பி.கே. ராஜகோபாலன். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவை 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரத்தில் பல வழிகளை ஒருங்கிணைத்துக் கட்டுப்படுத்திக் காட்டியது அந்த மையம். சாக்கடையைச் சீர்செய்வது, கழிவுநீர்த் தொட்டிகளை மூடுவது, கிணறுகளில் மீன் விடுவது என்று மருந்தடிப்பைப் பின்னால் தள்ளிய திட்டம் அது. யானைக்கால் நோயின் நுண்புழுக்கள் பகலில் நுரையீரல் பக்கம் ஒதுங்கிக்கொண்டு, இரவில்தான் தோலுக்கு அருகிலுள்ள இரத்தத்துக்கு வரும், கொசு கடிக்கிற நேரத்துக்குச் சரியாக. எனவே இரத்தம் எடுக்கிறவர்கள் ஊர் அடங்கிய பிறகு டார்ச் விளக்கோடு கதவைத் தட்ட வேண்டும். தூக்கத்திலிருந்து எழுப்பி விரலில் குத்திக் கண்ணாடித் தகட்டில் மூன்று துளி. குழந்தை வீரிட்டு அழும். இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு ஊரின் சம்மதம் கையெழுத்தால் மட்டும் கிடைக்காது.

அந்த மையம் கடலோர ஊர்களுக்குப் போனபோது விஷயம் இன்னும் சுவையானது. அங்கே பிரச்சினை மலேரியா. கழிமுகத் தேக்கங்களில் படர்ந்த பாசிக்குள் அனாபிலிஸ் கொசுக்கள் முட்டையிட்டன. சவுக்குத் தோப்புகளில் கன்றுக்கு ஊற்ற நீர் எடுக்கவென்று தோண்டிய குழிகளும் அவற்றுக்கு வசதியாகிப் போயின. பாசியை வாரிவிட்டால் கொசுப் புழுவுக்கு மறைவிடம் போய்விடும், மீன்கள் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் பாசியை யார் வாருவது? ஒருமுறை வாரினால் அடுத்த பருவத்தில் மீண்டும் படரும். மலேரியாவுக்குப் பயந்து ஒரு நாள் இறங்குவார்கள். மாதாமாதம் யாரும் இறங்க மாட்டார்கள்.

ராஜகோபாலனும் கூட்டாளிகளும் செய்தது இது: பாசிக்கு ஒரு விலை வைத்தார்கள். அதை வாரிக் காகிதம் செய்யலாம் என்று காட்டினார்கள். காகிதம் என்பது அடிப்படையில் நார்தான். நாரை அடித்துக் கூழாக்கி, வலையில் வடித்து, அழுத்தி உலர்த்தினால் போதும்; மரமா, வைக்கோலா, பழந்துணியா, பாசியா என்பது அப்புறம். சவுக்குக் குழிகளில் தின்னக்கூடிய மீனை விட்டார்கள். கொசுப் புழுவைத் தின்று கொழுத்த மீன், விட்டவர் வீட்டுக் குழம்புக்கு. நோய்த்தடுப்பு, குடிசைத் தொழில், நார்ப்பொருள் தொழில்நுட்பம் மூன்றும் ஒரே குட்டையில் கலந்த இந்த முயற்சியை எந்தத் துறையின் கணக்கில் எழுதுவது? ஆய்விதழ்கள் அதை ஒட்டுண்ணியியலில் போட்டன. குட்டையில் இறங்கியவர்கள் கூலிக் கணக்கில் போட்டிருப்பார்கள். அவர்களுக்கு அனாபிலிஸின் இலத்தீன் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாசி போனால் காசு வரும், காய்ச்சல் போகும் என்பது போதும். ஆய்வின் விடை ஊருக்கு இதைவிடத் தெளிவாகத் திரும்ப முடியாது என்பது என் எண்ணம்.

அதே மையம் பின்னால் கொசுப் புழுவைக் கொல்லும் ஒரு பாக்டீரிய வகையை, பி17 என்ற எண்ணோடு, தயாரித்து உற்பத்தி உரிமையைப் பல நிறுவனங்களுக்குக் கொடுத்திருக்கிறது. வணிகமாக அது பெரிய வெற்றி. என்றாலும் எனக்குப் பாசிக் காகிதம்தான் பிடித்திருக்கிறது.

இனி வில்லியனூருக்கு வருவோம். சுவாமிநாதன் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் கீழூர், சிவராந்தகம், பிள்ளையார்குப்பம் ஆகிய ஊர்களில் ‘உயிரி கிராமம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. கீழூர் என்றதும் புதுச்சேரிக்காரர்களுக்கு நினைவு வருவது 1954 அக்டோபர் 18. பிரெஞ்சிந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். நாற்பது வருஷம் கழித்து அதே ஊரில் காளான் வளர்ப்பும், கொட்டில் முறை ஆடு வளர்ப்பும், பயிர்ப் பூச்சிகளின் முட்டைகளை அழிக்கிற டிரைக்கோகிரமா ஒட்டுண்ணி வளர்ப்பும் சோதித்துப் பார்க்கப்பட்டன. நிலமில்லாத பெண்கள் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பத்தை வைத்துச் சம்பாதிக்க முடியுமா என்பதே கேள்வி. ஒட்டுண்ணி அட்டையைத் தயாரிக்கக் கற்றுக்கொள்வது முடிந்தது. விற்பதுதான் கஷ்டம். பக்கத்து வயல்காரர் மருந்துக் கடையில் கடனுக்குக் கிடைக்கிற பூச்சிமருந்தை விட்டுவிட்டு, ரொக்கம் கொடுத்து முட்டை அட்டை வாங்க வேண்டுமே. ஊரக வணிகத்தைப் பற்றிய பாடப் புத்தகங்கள் தொழில்நுட்பத்துக்குக் கொடுக்கிற இடத்தில் பாதியையாவது இந்தக் கடன் விவகாரத்துக்குக் கொடுக்கலாம்.

1998-இல் கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியோடு அடுத்த திட்டம் வந்தது: தகவல் கிராமம். இதன் மூளையாக வில்லியனூர் ஆனது. அங்கே ஒரு மைய அலுவலகம், தொலைபேசிக் கம்பி வழியாக இணையத் தொடர்பு. சுற்றியுள்ள ஊர்களில் கிளை நிலையங்கள். எம்பலம், கீழூர், திருக்காஞ்சி, பூரணாங்குப்பம், வீராம்பட்டினம். வில்லியனூருக்கும் அவற்றுக்கும் இடையே கம்பியில்லா வானொலித் தொடர்பு, ஏனென்றால் அன்றைய கிராமத் தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாது. மின்சாரம் போனால் சூரிய ஒளித் தகடு. வி. பாலாஜி, சுப்பையா அருணாசலம் போன்றவர்கள் பின்னால் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள்.

ஊரில் கணினி வைப்பதற்கு முன்னால் அவர்கள் ஒன்று செய்தார்கள்: ஊருக்குத் தகவல் இப்போது எப்படி வருகிறது என்று கேட்டார்கள். உரக்கடைக்காரர், மளிகைக்கடை, சந்தை, தேநீர்க் கடை என்று விடை வந்தது. அதாவது ஒரு பொருளை விற்கிறவரிடமிருந்தே அந்தப் பொருளைப் பற்றிய தகவலும் வந்துகொண்டிருந்தது. உரத்தைப் பற்றி உரக்கடைக்காரர் சொல்வதை நம்பிப் போடுகிறவர்கள் நிலையத்திடம் என்ன கேட்பார்கள்? இன்றைக்கு நெல் என்ன விலை, எந்த அரசுத் திட்டத்தில் பணம் வருகிறது, வறுமைக்கோட்டுப் பட்டியலில் என் பெயர் இருக்கிறதா, மாட்டுக்கு மடிநோய் வந்தால் எந்த டாக்டர், பேருந்து எத்தனை மணிக்கு. உலகமெங்கும் விரிந்துகிடந்த இணையத்தில் இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அன்று விடை இல்லை. எனவே தகவலை இறக்குவதைவிட, உருவாக்குவதே வேலையாயிற்று. ஊர்த் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பள்ளிப் படிப்போடு நின்ற பெண்கள், ஆங்கில விசைப்பலகையிலேயே தமிழ் அடிக்கப் பழகினார்கள். சிறு சிறு தரவுத்தளங்கள் நூற்றைத் தொட்டன. ‘நம்ம ஊரு செய்தி’ என்று ஒரு இதழும் வந்தது.

நிலையம் வைக்க ஊர் இடம் தர வேண்டும், வாடகை கிடையாது, நடத்துகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது, எல்லாச் சாதியாரும் வந்துபோகிற பொது இடமாக இருக்க வேண்டும். கடைசி நிபந்தனை எவ்வளவு கடினமானது என்பது நம் ஊர்களைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘பொது இடம்’ என்று எல்லோரும் சொல்கிற கோயில் மண்டபத்துக்குள் யாரெல்லாம் தயங்காமல் காலெடுத்து வைப்பார்கள் என்று பார்த்தாலே போதும்.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். அங்கே நெல் விலை யாருக்கு வேண்டும்? கடல் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களுக்காக அலை உயரக் கணிப்புகளை இணையத்தில் போட்டுவந்தது; வங்காள விரிகுடாவுக்கும் சேர்த்து. வில்லியனூர் அலுவலகம் அந்த வரைபடத்தை இறக்கி, நம் கரைக்கு என்ன பொருள் என்று பார்த்து, தமிழில் பேசிப் பதிவுசெய்து அனுப்பும். வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி அதைத் தெருவுக்குச் சொல்லும். கடலையே பார்க்காத வில்லியனூர், கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அலையைப் பற்றிச் சொன்னது. அவர்கள் கேட்டார்கள் என்பதுதான் ஆச்சரியம். சொன்னது நடக்கிறதா என்று மறுநாள் காலை கடலுக்குப் போய் அவர்களே சரிபார்த்துக்கொள்ள முடிந்தது என்பது காரணமாக இருக்கலாம். எந்த ஆய்வுக்கும் இவ்வளவு கறாரான மதிப்பீட்டாளர்கள் கிடைக்க மாட்டார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலையின்போது, நல்லவாடு மீனவர் ஊரில் நடந்தது பலரும் அறிந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் செய்தி அறிந்து ஊருக்குத் தொலைபேசினார். அங்கிருந்த தகவல் நிலையத்தின், அதாவது அறிவு மையத்தின், ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே வெளியேற்றினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, ஆட்கள் பிழைத்தார்கள். இந்தக் கதையில் இணையத்தின் பங்கு ஒன்றுமில்லை. ஒரு தொலைபேசி, ஒரு ஒலிபெருக்கி, இவற்றில் வருகிற குரலை நம்பலாம் என்ற பழக்கம். அந்தப் பழக்கம் உருவாகச் சில ஆண்டுகள் பிடித்திருந்தது. திட்ட அறிக்கைகளில் ‘உட்கட்டமைப்பு’ என்ற தலைப்பில் வருகிற கம்பி, பெட்டி, தகடுகளோடு இதையும் சேர்த்திருக்க வேண்டும்.

திட்டத்துக்குப் புகழ் வந்தது. 2001-இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது. அறிவு மையத்தை ஒவ்வொரு கிராமத்துக்கும் கொண்டுபோவோம் என்ற தேசிய முழக்கம். 2006-இல் மத்திய அரசு ஒரு லட்சம் பொதுச் சேவை மையங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. எதிர்க்குரலும் இருந்தது. 2005-இல் லண்டனின் ‘தி எகானமிஸ்ட்’ எம்பலத்தை வைத்து எழுதிய கட்டுரை, ஏழைகளுக்கு முதல் தேவை கணினியா என்று கேட்டது. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. கைப்பேசி வந்ததும் நெல் விலை கேட்க யாரும் நிலையத்துக்கு நடக்கவில்லை. இன்று அலை உயரத்தை ஐதராபாத்தின் இன்காய்ஸ் மையம் கணித்துத் தருகிறது. சுவாமிநாதன் நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலி வழியே அது நேராகப் படகுக்காரர் கைக்கே வந்துவிடுகிறது.

வணிக நோக்கில் பார்த்தால் வில்லியனூர் சோதனை ஒன்றைத் தெளிவாக்கியது: தகவலை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. பொதுச் சேவை மையங்கள் நிலைத்தது சான்றிதழ், மின்கட்டணம், விண்ணப்பம் என்று பரிவர்த்தனைக்குக் கட்டணம் வாங்கியதால். அங்கே உட்கார்ந்திருப்பவர் தொழில்முனைவோர். எம்பலத்தில் உட்கார்ந்திருந்தவர் தன்னார்வலர். ஊருக்கென்று தமிழில் தரவு சேர்க்கிற வேலை இந்த மாற்றத்தில் நின்றுபோனது. அதற்குக் கட்டணம் வைக்க வழியில்லை. திட்டத்தின் ஆகச் சிறந்த பகுதி எதுவோ அதற்கு வருமானம் இல்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிற விஷயம்.

பொருளறிவியல் என்றதும் நானோ துகள்களும் மின்நுண்ணோக்கியும்தான் நினைவுக்கு வரும். வில்லியனூரில் அது களிமண். வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. புதுச்சேரியில் திருக்கனூர்க் காகிதக்கூழ் வேலையும் அதைப் பெற்றிருக்கிறது. மண்ணை மிதிக்கிற காலுக்கு ஒரு சிறுகல்லும் தப்பாது. நைஸ் மணல் எவ்வளவு கலந்தால் காயும்போது வெடிக்காது என்பதைக் கை சொல்லும். சூளையில் எடுத்த எடுப்பில் தீயை ஏற்ற மாட்டார்கள், வெகுநேரம் புகையவிட்டு வாட்டுவார்கள். ஈரம் ஆவியாகி வெளியேற வழிவிடாமல் சூடேற்றினால் உருவம் உள்ளிருந்தே உடையும். சூடு ஏறிக்கொண்டே போய் 573 டிகிரி செல்சியஸைத் தொடும்போது மணலிலுள்ள குவார்ட்ஸ் படிகம் சட்டென்று உருமாறிப் பருக்கும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். சூளையை அவசரமாகப் பிரித்தால் அந்தக் கட்டத்தில்தான் விரிசல் விழும். குயவர் எண்ணைச் சொல்வதில்லை, ‘ஆறட்டும்’ என்கிறார்.

புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பிக்க 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தக் கைமுறையை எல்லாம் எழுத்தில் கொடுக்க வேண்டும்: எந்த மண், எந்தப் பரப்பு, எப்படிச் செய்வது, என்ன தனித்தன்மை. பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். ஒரு கலைஞரின் கை அறிந்ததை ஆங்கிலப் படிவத்துக்குள் நிரப்புகிற அந்தச் சடங்கு முடிந்தபின் பெயர் பாதுகாக்கப்படுகிறது. மண் கிடைப்பது பாதுகாக்கப்படுவதில்லை. ஏரி மண் எடுக்க அனுமதி, சூளை விறகின் விலை, பிளாஸ்டர் அச்சில் வார்க்கிற மலிவு பொம்மைகள் ஆகிய எதுவும் சட்டத்தின் எல்லைக்குள் இல்லை. பொருளறிவியல் துறைகள் நிறைந்த இந்த ஊரில், விறகைப் பாதியாகக் குறைக்கிற ஒரு சிறு சூளை வடிவமைப்பு வில்லியனூருக்கு எந்த ஆய்வேட்டையும்விட உதவும்.

பாகூரில் ஆராய்ச்சி என்பதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், வாகூர் என்று அன்று பெயர் பெற்ற இவ்வூரின் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி. வித்தியாஸ்தானம் என்றால் உயர்கல்விக் கூடம். பக்கத்திலேயே திருபுவனையில் முதலாம் ராஜாதிராஜன் காலத்தில், 1048-இல், 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. சற்றுத் தள்ளி எண்ணாயிரத்தில் 340 மாணவர்கள், அவர்களுக்குத் தினமும் அளந்துகொடுத்த நெல். ஆக இன்றைய மருத்துவக் கல்லூரிகளும் பல்கலைக்கழகமும் இந்தப் பகுதிக்குப் புதிதாக வந்து குடியேறியவை இல்லை.

பாகூரில் கற்பிக்கப்பட்டவை பதினான்கு பிரிவுகள்: நான்கு வேதம், ஆறு அங்கம், மீமாம்சை, நியாயம், புராணம், தர்மசாஸ்திரம். ஆறு அங்கங்களில் ஒலிப்பு, இலக்கணம், யாப்பு, சொற்பொருள் என்று நான்கு மொழியைப் பற்றியவை. மொழியியலுக்கு அவ்வளவு மதிப்பு. ஆயுர்வேதமும் அர்த்தசாஸ்திரமும் சேர வேண்டும் என்றால் பட்டியலைப் பதினெட்டாக நீட்ட வேண்டும்; பாகூரின் பதினான்கில் மருத்துவமும் வணிகமும் இல்லை. குயவரின் அறிவு பதினெட்டிலும் இல்லை.

இந்தத் தானத்தைப் பதிவுசெய்த செப்பேட்டின் மொழி அதைவிடக் கவனிக்கத்தக்கது. மன்னனின் குலப்பெருமை, வீரம், கொடையின் புண்ணியம் எல்லாம் சமஸ்கிருதச் செய்யுளில் வருகின்றன. எந்த ஊர், எது எல்லை, யார் ஆணையைக் கேட்டு நடைமுறைப்படுத்த வேண்டும் என்பவை தமிழ் உரைநடையில். பல்லவர் செப்பேடுகளின் பொதுவான வழக்கம் இது. சமஸ்கிருத அறிஞர் ஷெல்டன் பொல்லாக் இந்த வேலைப் பிரிவினையை வைத்தே பெரிய நூல் எழுதினார்: உலகத்தை வருணிக்க ஒரு மொழி, நிலத்தை அளக்க ஒரு மொழி. தானம் கொடுத்த மூன்று ஊர்களிலும் உழுதவர்கள் தங்கள் விளைச்சலால் ஒரு கல்லூரியை நடத்தினார்கள். தங்கள் வயலின் எல்லை எழுதப்பட்ட பகுதி மட்டும் அவர்கள் மொழியில் இருந்தது. இன்று நான்கு ஊர்களின் வீட்டு எண்ணும் விரல் துளி இரத்தமும் தமிழில் பதிவாகி, முடிவுரை ஆங்கிலத்தில் எழுதப்படுவதற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைப் பொல்லாக் சொல்லவில்லை; பாகூரில் நின்று பார்த்தால் கண்ணில் படாமல் போகாது.

இந்தச் செப்பேடுகள் 1879-இல் கண்டெடுக்கப்பட்டன. பிரெஞ்சு அதிகாரியின் கைக்குப் போய், அங்கிருந்து பாரிஸின் தேசிய நூலகத்துக்கு. ஊருக்குத் திரும்பி வந்தது அவற்றின் வாசகம்தான், அதுவும் ஆங்கிலத்தில் வெளியான கல்வெட்டியல் தொகுதி வழியாக.

புதுச்சேரி வட்டாரக் கோயில்களின் கல்வெட்டுகளுக்கு வேறு கதை. அவற்றைத் தேடித் தொகுத்தவர் பாகூர்க்காரர்: பாகூர் சு. குப்புசாமி. மூலநாதர் கோயிலின் சுவரில் சோழரும் ராஷ்டிரகூடன் கன்னரதேவனும் வெட்டிய எழுத்துகள் முதல் சிற்றூர்க் கோயில்களின் படிக்கல் வரை அவர் தொகுப்பில் வந்தன. மொழியியலும் கல்வெட்டியலும் அறிந்த கோ. விசயவேணுகோபால் அதைப் பதிப்பித்தார். 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியும் சேர்ந்து 2006-இல் வெளியிட்டன. அந்த முதல் பகுதியில் கல்வெட்டு வாசகங்கள் தமிழில். ஆங்கில மொழிபெயர்ப்பு இரண்டாம் பகுதியாக 2010-இல் வந்தது, நான்கு ஆண்டு கழித்து.